நிற்கிற விதம்

அவர் என்னிடம் முதலில் கேட்டது என் பெயரை அல்ல. "உங்க அப்பாவுக்கு முட்டி வலியா?" என்றார்.

பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு டைல்ஸ் கடை. அதன் மாடியில் நீளமான ஒரு கூடம். அங்கே குழந்தைகளுக்கு நடனம் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஐந்து வயது இனியாவைக் கையில் பிடித்துக்கொண்டு அப்போதுதான் படியேறி வந்திருந்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னலோரம் தரையில் குந்தி உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்டபோதும் திரும்பவில்லை.

"ஆமா, இடது முட்டி. எங்க அப்பாவை உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்டிமா தெரியும்? நீங்க ஏறி வந்த சத்தத்தக் கேட்டேன். ஒவ்வொரு படிக்கும் வலது கால வெச்சிட்டு இடது கால இஸ்துகினு வர்றீங்க. வலி உங்களுக்குன்னா மேல வந்ததும் சுவத்தப் புடிச்சிருப்பீங்க. புடிக்கல. அப்ப அது உங்க காலு இல்ல, யாரோ குடுத்த காலு. கனமா வேற கீது, ஆம்பள காலு."

என் அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு மாடியில் இருந்தது. சின்ன வயதில் புத்தகப் பையோடு தினமும் அவர் பின்னால்தான் படியேறுவேன். அவர் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அவருடைய கால் என்னிடம் இருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. இனியாவின் கையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

காரணம் இதுதான். இனியா எங்களுக்குப் பிறந்தவள் இல்லை. சட்டப்படி, முறைப்படி, ஒரு காப்பகத்திலிருந்து ஒரு வயதுக் குழந்தையாகத் தூக்கி வந்தவள். என் கணவருக்கும் அப்பாவின் தொழிற்சாலையில்தான் வேலை, அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். அங்கே ஒரு வீட்டில் என்ன குழம்பு என்பது அடுத்த பிளாக்குக்கும் தெரியும். அங்கேயே இருந்தால் யாராவது ஒரு நாள் அவளிடம் சொல்லிவிடுவார்கள் என்றுதான் நானும் என் கணவரும் சேக்காட்டில் வாடகை வீட்டுக்கு வந்தோம். புதுத் தெருவில் எல்லோரும், "மூக்கு அப்படியே அவங்க அப்பா" என்றார்கள். நாங்கள் மறுக்கவில்லை. எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்று கைப்பேசியில் எவ்வளவோ படித்திருக்கிறேன். சீக்கிரமே சொல்லிவிடுங்கள் என்றுதான் எல்லாவற்றிலும் போட்டிருக்கும். படித்து முடித்ததும் அவள் நெற்றியைத் தொட்டு, காய்ச்சல் இல்லை என்று பார்த்துவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடுவேன்.

படிச் சத்தத்திலேயே என் அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார். என் மகளின் காலில் இவர் யாரைக் கேட்பார்? அப்படியே திரும்பிவிடத்தான் நினைத்தேன். ஆனால் பள்ளியில் யாரோடும் பேசாத, தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரச் சொல்லக்கூட வாய் திறக்காத என் மகள், என் பிடியை உதறிவிட்டுப் போய் அவருக்குப் பக்கத்தில் அதே மாதிரி குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"அது என்ன குருவி?" என்று கேட்டாள்.

"அதுவா? நாமக்கோழி. சேத்துல நடக்கசொல்ல பாரு, தலைய ஆட்டிகினே போவும்."

இருவரும் தலையை ஆட்டினார்கள். நான் அவளைச் சேர்த்துவிட்டேன்.

அவருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அப்பா வைத்தது, ஒன்று அம்மா கூப்பிட்டது. இரண்டையும் இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளைகளுக்கும் எனக்கும் அவர் மிஸ். நாற்பதை நெருங்கிய வயது. சின்னக் கண்கள், உயர்ந்த கன்னம், நல்ல கறுப்பு நிறம், சுருட்டை முடி. அந்த முகத்தை எந்த ஊரோடு சேர்ப்பது என்று தெரியாமல் எல்லோரும் திணறுவார்கள். ஷேர் ஆட்டோவில் அவரிடம் இந்தியில் பேசுவார்கள். கீழே டைல்ஸ் கடைக்காரருக்கு அவர் ஒரு நாள் நேபாளி, ஒரு நாள் மணிப்பூர்.

"மேல ஜப்பான் டீச்சராண்ட போறியாம்மா? சொல்லு அவுங்களாண்ட, தண்ணி மோட்டார் போட்டாச்சுன்னு."

மாடி ஜன்னலிலிருந்து பதில் வரும். "யோவ் அண்ணாத்தே! நான் ஜப்பான்னா நீ இன்னா, லண்டனா? பூந்தமல்லி ஆசுபத்திரியில பொறந்தவ யா நானு. உன் கடை டைல்ஸ விட லோக்கலு."

"மூஞ்சி அப்டி சொல்லலியே!"

"மூஞ்சி பொய் சொல்லும். கால பாரு."

இதுதான் அவர் அடிக்கடி சொல்வது. மூஞ்சி பொய் சொல்லும், கால பாரு. அவர் வேடிக்கையாகச் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வராது.

அந்தக் கூடம் முன்பு ஜிம்மாக இருந்தது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. நடனம் சொல்லித் தருகிறவர்களுக்கு அது கிடைத்த வரம் மாதிரி. அவரோ அதன் மேல் மேலிருந்து கீழ் வரை பழைய செய்தித்தாள் ஒட்டி வைத்திருந்தார். ஏன் என்று இன்னொரு அம்மா கேட்டபோது சொன்னார்: "கண்ணாடில பாத்தா புள்ளைக்கு அதோட உருவம் மட்டுந்தான் தெரியும். கூட வந்தவங்க தெரிய மாட்டாங்க."

"கூட யாரு வந்தா? நான்தான் கொண்டுவந்து விட்டேன்" என்றார் அந்த அம்மா. மிஸ் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம் அந்த அம்மா தன் பையனை வேறு வகுப்பில் சேர்த்தார்.

அவர் சொல்லித் தந்த முறையும் அப்படித்தான். பாட்டு கிடையாது, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது கிடையாது. "நாளைக்கு ஊட்லேர்ந்து ஒருத்தர இட்டுகினு வாங்க" என்பார். வீட்டில் யாராவது ஒருவர் செய்வதைப் பார்த்து, அதை உடம்பில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு பையன் அவன் அப்பா சட்டைக் காலரை மோந்து பார்ப்பதைக் கொண்டுவந்தான். ஒரு பெண் அவள் சித்தி ஸ்கூட்டரைச் சாய்த்து உதைப்பதைக் கொண்டுவந்தாள். மிஸ் அதை வாங்கித் தன் உடம்பில் போட்டுப் பார்ப்பார். பிறகு மெதுவாக்குவார், பெரிதாக்குவார். கொஞ்ச நேரத்தில் அது ஸ்கூட்டரை உதைப்பதாக இருக்காது. யாரோ எங்கிருந்தோ தப்பிக்கப் பார்க்கிற மாதிரி இருக்கும். அந்தப் பெண்ணின் சித்தி வீட்டை விட்டுப் போய்விட்டதாக அடுத்த மாதம் தெருவில் பேசிக்கொண்டார்கள். தற்செயலாகத்தான் இருக்கும். நான் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

வகுப்பு முடியக் காத்திருக்கும் நேரங்களில் அவரைப் பற்றித் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். அவருடைய தாத்தா சீனாவிலிருந்து கப்பலில் மெட்ராஸ் வந்தவர். அப்பா பூந்தமல்லியில் பல் செட் கட்டுகிற சின்னக் கடை வைத்திருந்தார். அம்மா இருளர். திருவள்ளூர் பக்கம் ஒரு அரிசி ஆலையில் குடும்பத்தோடு கொத்தடிமையாக அடைந்து கிடந்து, அங்கிருந்து வெளியேறி, வேரும் மூலிகையும் விற்கப் பூந்தமல்லிச் சந்தைக்கு வந்தவர்.

"பல்லு வலிக்கு ஒரே ஆளுக்கு ரெண்டு பேரும் மருந்து குடுத்துட்டாங்க. அப்டி ஆரமிச்ச சண்ட, கண்ணாலத்துல முடிஞ்சுது" என்பார் மிஸ். "நைனா ஊட்டு ஆளுங்க எங்கள உள்ள வுடல. ஆத்தா ஊட்டு ஆளுங்க நைனாவ உள்ள வுடல. நைனா செத்தப்ப அவரு அண்ணன் காரு எட்தாந்து தூக்கினு பூட்டாரு. அவங்க சுடுகாட்ல பொதச்சாங்க. நானும் ஆத்தாவும் கேட்டுக்கு வெளிய."

"அப்புறம் போகலையா?"

"வர்சா வர்சம் அவங்க செத்தவங்களக் கும்புட்ற நாளு ஒண்ணு கீது. போயி ஊதுபத்தி புடிச்சிகினு நின்னேன். எங்க நைனா மாரியே புடிச்சேன், யாரும் பாக்கல. மாசி மகத்துக்கு ஆத்தா ஆளுங்க மாமல்லபுரம் கடக்கரைக்கு வருவாங்க, கன்னியம்மாவக் கும்புட. அங்கயும் போனேன். நீ ஆருன்னாங்க. மணல்ல குந்தினேன். ஒரு கெழவி என் முட்டியத் தொட்டுப் பாத்துட்டு ஆத்தா பேரச் சொல்லி, அவ பொண்ணான்னு கேட்டுச்சு."

"நல்லதுதானே மிஸ்?"

"நல்லதுதான். ஆனா அது ஆத்தாவத்தான் கண்டுபுடிச்சுது. என்னிய இல்ல."

அவர் ஆடுவதை நான் முதலில் பார்த்தது ஒரு மத்தியானம். மழை வரும் போல இருந்ததால் குடையோடு கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். கதவு பாதி திறந்திருந்தது. பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட அசையவில்லை. மிஸ் நடுவில் குந்தியிருந்தார்.

அவருடைய இடது கை தரையைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. பிறகு உள்ளே இறங்கியது. சிமெண்டுத் தரைதான், ஓட்டை ஒன்றும் இல்லை. ஆனால் கை தோள் வரை உள்ளே போவதை என் கண்ணால் பார்த்தேன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சை நிறுத்தி, விரல் நுனியால் எதையோ கேட்டார். அறுவடை முடிந்த வயலில் எலி வளைக்குள் கை விட்டு நெல் எடுப்பது அவர் அம்மாவின் ஆட்கள் செய்வது. உள்ளே இருப்பது எலியா பாம்பா என்று விரல்தான் சொல்ல வேண்டும். அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அதே நேரம் வலது கை வேறு ஒருவருடையதாக இருந்தது. மணிக்கட்டு அசையாமல், மூன்று விரல்கள் மட்டும், யாருடைய வாய்க்குள்ளோ மிக மெல்லிய ஏதோ ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தது. இடது கைக்கு வலது கையைத் தெரியாது. ஒன்று இருட்டுக்குள், ஒன்று வெளிச்சத்துக்கு மிக அருகில். இரண்டும் ஒருமுறை காற்றில் தொட்டுக்கொண்டன. உடனே இரண்டும், முன்பின் தெரியாதவர்கள் கூட்டத்தில் மோதிக்கொண்ட மாதிரி, விலகின. அவர் நகர்ந்தபோது தரையில் இரண்டு விதமான காலடிச் சத்தம் வந்தது. நான் எழுதுவது எப்படித் தோன்றும் என்று எனக்குத் தெரியும். குடையைப் பிடித்தபடி நின்று கேட்டேன். இரண்டு விதம்.

முடிந்ததும் ஒரு சிறுமி கேட்டாள். "மிஸ், அவங்க போயிட்டாங்களா?"

"பூட்டாங்க. எல்லாரும் தண்ணி குடிங்க."

இதையெல்லாம் பார்த்தும் ஏன் இனியாவை அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று என் கணவர் பலமுறை கேட்டிருக்கிறார். அவள் பேச ஆரம்பித்திருந்தாள், அதனால்தான். வீட்டுக்கு வந்ததும் வாய் மூடாமல் பேசினாள். பள்ளியில் டீச்சர் கூப்பிட்டு, "என்ன மாயம் பண்ணீங்க?" என்று கேட்டார். அந்த வார்த்தையை டீச்சர் சும்மாதான் சொன்னார். நான் அதையே நினைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

பிறகு இனியா அப்படி நிற்கத் தொடங்கினாள்.

முதலில் பால்கனிக் கதவில் பார்த்தேன். உடம்பின் எடை முழுவதும் ஒரு காலில். இடுப்பு ஒரு பக்கம் தள்ளியிருக்க, இடது கை அதன் மேல் எதையோ அணைத்த மாதிரி வளைந்திருந்தது. வலது கை கதவு நிலையை உயரத்தில் பிடித்திருந்தது. முகம் தெருப் பக்கம். விளையாடும் பிள்ளைகளைப் பார்க்கிற முகமாக அது இல்லை. யாரோ வருவார்கள் என்று காத்திருந்து காத்திருந்து, இனி வரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகும் நிற்கிற முகம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த முகம் எங்கிருந்து வரும்?

"இனியா, என்ன பண்ற?"

"சும்மா நிக்கறேன்மா."

"யாரு மாதிரி நிக்கற? கீழ் வீட்டு ஆன்ட்டியா?"

"தெரியாது. அப்படியே வருது."

அந்த இடுப்பு ஒரு குழந்தையைச் சுமக்கிற இடுப்பு என்று எனக்கு உடனே புரிந்தது. அந்தக் கைவளைவுக்குள் இருக்க வேண்டியது யார் என்றும் புரிந்தது. காப்பகத்தில் எங்களுக்குச் சொன்னது கொஞ்சம்தான். பெற்றவள் எட்டு மாதம் கூடவே வைத்திருந்து, பிறகு அவளாகவே கொண்டுவந்து கொடுத்தாள். அவ்வளவுதான். நான் போய் இனியாவின் இடுப்பைப் பிடித்து நேராக்கினேன். "நேரா நில்லு, முதுகு வலிக்கும்" என்றேன். நேராக நின்றாள். திரும்பி வந்து பார்த்தால் மறுபடியும் அப்படியே நிற்கிறாள்.

அன்றிலிருந்து நான் ஒரு காரியம் செய்தேன். புத்திசாலித்தனம் என்று அப்போது நினைத்தேன். என்னை வகுப்புக்குக் கொண்டுபோகட்டும் என்று அவளுக்கு என்னையே சொல்லிக்கொடுத்தேன். அவளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, கொண்டை போடுவதை மெதுவாகச் செய்து காட்டினேன். தோசை திருப்புவதை, புடவைக் கொசுவத்தை உதறுவதை, கோலப்பொடியைக் கிள்ளுவதைக் காட்டினேன். "நாளைக்கு மிஸ்கிட்ட அம்மாவக் கொண்டுபோ, சரியா? அம்மாவத்தான் கொண்டுபோகணும்."

மறுநாள் வாசலில் நின்று பார்த்தேன். "யாரு வந்துகீறாங்க?" என்றார் மிஸ். "எங்க அம்மா" என்றாள் இனியா. நான் கதவை ஒட்டி நகர்ந்து நின்றேன். அவள் கொண்டை போடவில்லை, தோசை திருப்பவில்லை. கதவு இருக்கிற மாதிரி பாவித்துத் தாழ்ப்பாளைப் போட்டாள். இரண்டடி நடந்தாள். திரும்பிவந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். குனிந்து யாரோ ஒரு குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். மறுபடியும் தாழ்ப்பாளுக்கு ஓடினாள். பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. செய்தித்தாள் ஒட்டிய சுவரைப் பார்த்தபடி, "யாரு உள்ள வந்துடப் போறாங்கன்னு பாக்கறாங்க உங்க அம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது. வழக்கமான நேரத்துக்குத்தான் படியேறினேன். கூடத்தில் பேச்சுச் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு காலில் எடை. ஒரு பக்கம் தள்ளிய இடுப்பு. ஒன்றுமில்லாததை அணைத்த இடது கை. உயரத்தில் எதையோ பிடித்த வலது கை. அத்தனை முகங்களும் என் பக்கம், வாசல் பக்கம். நடுவில் இனியா. அவளுக்குப் பின்னால் மிஸ், அவரும் அதே போல. பையன்களும் பெண்களும் பெரியவரும், எல்லோருமே அந்த ஒருத்தியாக இருந்தார்கள். யார் நினைப்பே வரக் கூடாது என்று வீட்டையே மாற்றிக்கொண்டு வந்தேனோ அவள், ஒரு கூடம் நிறைய நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. "இனியா, செருப்பு போடு" என்றேன்.

பிள்ளைகள் கலைந்து கீழே ஓடிய பிறகு மிஸ்ஸிடம் கேட்டேன். "இது யாரு மிஸ்?"

"அத நீங்கதாம்மா சொல்லணும். உங்க பொண்ணு இட்டுகினு வந்தது."

"எங்க வீட்டுல யாரும் இப்படி நிக்கமாட்டாங்க."

"தெரியும்" என்றார்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். "அவளுக்குத் தெரியாது மிஸ்" என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது. "நாங்க இன்னும் சொல்லல."

"எத்தினி மாசம் பெத்தவளாண்ட இருந்துச்சு?"

"எட்டு மாசம்."

"அப்ப அவ்ளோ நாளும் அவ இடுப்புல இருந்துகீது. கொழந்தைக்கு மூஞ்சி நெனப்பு இருக்காது. இடுப்பு நெனப்பு இருக்கும்." ஜன்னலோரம் போய்க் குந்திக்கொண்டார். "உங்களாண்ட ஒண்ணு கேக்கறேன். அம்பத்தூர்ல ஒரு ஹால்ல ஆடப்போறேன். எனக்கு ஆத்தா கை கீது, நைனா கை கீது. ரெண்டுக்கும் நடுவுல நிக்க ஆள் இல்ல. நான் எப்டி நிப்பேன்னு எனக்கே தெரியாதும்மா. நீங்க பாத்துகீறீங்களா, நான் நின்னு?"

யோசித்துப் பார்த்தேன். குந்துவார், ஆடுவார், சுவரில் சாய்வார், ஜன்னலில் தொங்குவார். சற்று முன் இன்னொருத்தியாக நின்றதைத் தவிர, வெறுமனே நின்று ஒருநாளும் பார்த்ததில்லை.

"இந்தப் பொம்பள நிக்கறா. எங்கயும் சேராம, ஆனா நிக்கறா. அவள நான் ஆடட்டுமா? வேணாம்னா வுட்டுட்றேன். புள்ளையாண்ட நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை நகர்த்திவிட்டார்.

"நாளையிலேருந்து அந்தப் பக்கமே போக வேண்டாம். பெரியவளாகட்டும், நாம சொல்லிக்கலாம்."

"எவ்வளவு பெரியவளாங்க?"

"புரிஞ்சுக்கற வயசு."

"அவ நிக்கறதப் பாத்தீங்களா?"

அவர் பார்த்தார். இனியா சமையலறை வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதே மாதிரி. அவர் தட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "அவகிட்டேருந்து இதப் பிடுங்கி எங்க கொண்டு போடறது?" என்றார். அது கோபமா, கேள்வியா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

வகுப்பை நிறுத்தவில்லை. ஒத்திகைகளை நானே உட்கார்ந்து பார்த்தேன். வளைக்குள் இறங்கும் கை, வாய்க்குள் பொருத்தும் கை, இரண்டும் மோதி விலகுவது, பிறகு கடைசியில் அந்த வாசல். இரண்டு மூங்கில்களை நிறுத்தி நிலை மாதிரி வைத்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைத் தள்ளி, தெருவைப் பார்த்து நிற்பார். அப்படியே விளக்கை அணைக்க வேண்டும் என்று பலமுறை சொன்னார். அதுதான் முடிவு.

மிஸ் இப்போது இங்கே இல்லை. மாடியில் போட்டித் தேர்வு வகுப்பு நடக்கிறது. நசரத்பேட்டையில் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார். வெளிநாட்டில் ஆடுகிறார் என்று இன்னொருவர் சொன்னார். டைல்ஸ் கடைக்காரர், "சொந்த ஊர் பூட்டாங்கம்மா, பர்மா" என்றார். நான் திருத்தவில்லை.

அம்பத்தூரில் அவர் ஆடிய இடம் ஒரு பள்ளியின் சின்ன அரங்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மின்விசிறிச் சத்தம், பின் வரிசையில் குழந்தைகள் அழும் சத்தம். மூன்றாவது வரிசையில் நான், என் கணவர், எங்கள் இருவருக்கும் நடுவே அகலமான மர பெஞ்சில் இனியா. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பின் வரிசைகூட அடங்கிவிட்டது.

மிஸ் மூங்கில் நிலைக்கு வந்தார். கையை உயர்த்திப் பிடித்தார். எடை ஒரு காலுக்கு மாறியது. வெற்று இடுப்பில் ஏதோ கனம் வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அதன் பிறகு அங்கே மிஸ்ஸின் முகம் இல்லை.

இனியா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அது மிஸ் இல்ல. அவங்க யாரு?"

எத்தனையோ பதில்கள் இருந்தன. மிஸ்தான், பொம்மை மாதிரி நிக்கறாங்க. வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். சும்மா இரு. கணவரைப் பார்த்தேன். அவர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தலையை மட்டும் லேசாக அசைத்தார்.

நான் குனிந்து இனியாவின் காதில் சொன்னேன். உன்னைப் பெத்தவங்க. நீ குட்டிப் பாப்பாவா இருந்தப்ப அவங்க இடுப்புலதான் இருந்த. அப்புறம் உன்னை எங்ககிட்ட கொடுத்தாங்க. அவ்வளவுதான் சொன்னேன். அத்தனை வருடம் படித்ததில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

இனியா அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மேடையைப் பார்த்தபடி, சாதாரணமாக, பக்கத்து வீட்டு ஆன்ட்டியைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டாள். "எதுக்கு வெளியவே நிக்கறாங்க? உள்ள வரச் சொல்லும்மா."

மெதுவாகத்தான் சொன்னாள். மேடைக்குக் கேட்டிருக்க வழியே இல்லை. ஆனால் விளக்கு அணையவில்லை. மிஸ் நிலையிலிருந்து கையை எடுத்தார். இடுப்பில் இருந்ததை இன்னொரு இடுப்புக்கு மாற்றினார். தெருவைப் பார்த்திருந்த முகம் எங்கள் பக்கம் திரும்பியது. ஒரு காலைத் தூக்கி, இரண்டு மூங்கில்களுக்கும் இடையில், உள்ளே எடுத்து வைத்தார். அது முதலிலிருந்தே ஆட்டத்தில் இருந்திருக்கும் என்று என் கணவர் சொல்கிறார். எனக்குத் தெரியாது.

இனியா என்னை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்து, பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.